மாவட்டத்துக்கு வந்த கோடரி: இந்தோனேசியக் காடுகளும் அதிகாரப் பரவலாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகாரம் உள்ளூர் மக்கள் கைக்கு வந்துவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கட்சி. உள்ளூர் அரசியல்வாதியிடம் கொடுத்தால் ஒரு மரம் மிஞ்சாது என்று இன்னொரு கட்சி. இரண்டு வாதங்களையும் ஒரே தலைமுறைக்குள் சோதித்துப் பார்த்துவிட்ட நாடு இந்தோனேசியா. அதனால் இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த நாட்டைப் பற்றியவை. பிரேசிலும் இந்தியாவும் கடைசியில் கொஞ்சம் வரும்.

1998-க்கு முன்பு அங்கே காடு யார் கையில் இருந்தது?

தலைநகர் ஜகார்த்தாவின் கையில், அதாவது மத்திய அரசிடம். 1967-ல் வந்த வனச் சட்டம் காடுகளை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. அப்புறம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கை 'வன மண்டலம்' என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிவிட்டார்கள். அதற்குள் தலைமுறை தலைமுறையாக ஊர்கள் இருந்தன, ரப்பர் தோட்டங்கள் இருந்தன, சுடுகாடுகள் இருந்தன. நம் ஊரில் பரம்பரையாக உழுத நிலம் ஒரு நாள் பதிவேட்டில் புறம்போக்கு என்று ஏறிவிட்டால் என்ன நடக்குமோ, அதேதான் நடந்தது.

அந்தக் காட்டை அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி பெரிய நிறுவனங்களுக்கு 20 ஆண்டுக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்தது. உச்சத்தில் சுமார் 6 கோடி ஹெக்டேர் இப்படிப் போனது. பெற்றவர்கள் ராணுவத் தளபதிகளும் அதிபரின் நண்பர்களும். ஒட்டுப்பலகைத் தொழிலையே தன் கைக்குள் வைத்திருந்த பாப் ஹசான் அதிபரோடு கோல்ஃப் ஆடுபவர். 1998 மார்ச்சில் அமைச்சராகவும் ஆனார். காடுகளை வானிலிருந்து படமெடுக்கும் திட்டத்தில் அரசுப் பணத்தைச் சுருட்டிய வழக்கில் 2001-ல் சிறைக்குப் போனார்.

மாவட்டங்களுக்கு இதில் கிடைத்தது மர லாரி ஓடிக் குண்டும் குழியுமான சாலைகள்தான். அந்த ஆற்றாமை தெரியாமல் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1999-ல் என்னதான் மாறியது?

1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். ஆச்சே, ரியாவ், கிழக்குக் கலிமந்தான், பாப்புவா என வளம் மிகுந்த மாகாணங்கள் எல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றன. நாடு உடைந்துவிடும் என்ற பயம் ஜகார்த்தாவில் உண்மையாகவே இருந்தது. அந்த நெருக்கடியில் 1999-ல் இரண்டு சட்டங்கள் வந்தன: ஒன்று உள்ளாட்சி பற்றியது, மற்றது மத்திய அரசும் பிராந்தியங்களும் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வது பற்றியது. 2001 ஜனவரி 1 முதல் இரண்டும் நடைமுறைக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அதிகாரம் மாகாணங்களுக்குப் போகவில்லை; அவற்றைத் தாண்டி நேராக மாவட்டங்களுக்குப் போனது. மாகாணத்துக்குக் கொடுத்தால் தனி நாடு கேட்பார்கள், மாவட்டத்துக்குக் கொடுத்தால் அந்தத் தெம்பு வராது என்பது கணக்கு. மாவட்டத் தலைவரை அங்கே புப்பாத்தி என்பார்கள். நம் ஊர் ஆட்சியரின் அதிகாரமும் சட்டமன்ற உறுப்பினரின் அரசியலும் ஒரே ஆளிடம் சேர்ந்தது போன்ற பதவி அது.

வருமானப் பங்கும் தலைகீழானது. வெட்டிய மரத்துக்கான கட்டணத்தில் 80 சதவீதம் பிராந்தியத்துக்கு: மாகாணத்துக்கு 16, மரம் வெட்டப்பட்ட மாவட்டத்துக்கு 32, அதே மாகாணத்தின் மற்ற மாவட்டங்களுக்கு 32. ஜகார்த்தாவுக்கு வெறும் 20. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டினால்தான் இந்தப் பங்கு. வெட்டாமல் விட்ட மரத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை.

'100 ஹெக்டேர் பர்மிட்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

முழுக் கதையும் இதற்குள் அடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999 தொடக்கத்தில் வந்த ஒரு விதி, புப்பாத்திகள் 100 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 250 ஏக்கர் வரை, சிறிய மரவெட்டு உரிமம் கொடுக்கலாம் என்றது. உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களும் கிராமக் குழுக்களும் பயன்பெற வேண்டும் என்பதுதான் நோக்கம். பெருங்குத்தகைக்காரர்கள் முப்பது ஆண்டு தின்றதில் ஊராருக்கும் ஒரு வாய்.

நடந்தது வேறு. ஒரு கிராமக் குழுவிடம் 250 ஏக்கர் மழைக்காட்டை வெட்டப் புல்டோசர் இல்லை, டீசலுக்குக் காசு இல்லை, மரத்தை வாங்க ஆளும் தெரியாது. அதனால் வெளியூர் கான்ட்ராக்டர் வந்தார். பர்மிட் கிராமத்தின் பெயரில், இயந்திரமும் பணமும் அவருடையது. ஒரே ஆள் அடுத்தடுத்த கிராமங்களின் பர்மிட்டுகளைக் கோத்து ஆயிரக்கணக்கான ஹெக்டேர் சேர்த்துக்கொண்டார். உரிமம் ஓராண்டுக்குத்தான் என்பதால் மறுநடவு பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஓராண்டில் போகப் போகிறவனுக்கு ஐம்பது ஆண்டுக் காடு எதற்கு?

கிழக்குக் கலிமந்தானில் அப்போதுதான் புதிதாகப் பிரிந்த மேற்குக் கூத்தாய் என்ற ஒரு மாவட்டமே இத்தகைய உரிமங்களை நூற்றுக்கணக்கில் வழங்கியது. பல உரிமங்கள் பழைய பெருங்குத்தகைகளின் மேலேயே விழுந்தன. ஒரே மரத்துக்கு ஜகார்த்தா கொடுத்த காகிதம் ஒருவர் கையில், மாவட்டம் கொடுத்த காகிதம் இன்னொருவர் கையில்.

2000-ல் வனத்துறை அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. மாவட்டங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2002-ல் புதிய ஒழுங்குமுறை அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குள் சாலையோரம், ஆற்றோரம் என எளிதில் எட்டக்கூடிய மரமெல்லாம் போய்விட்டது.

அப்படியானால் கிராமங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

கிடைத்தது. அதையும் சொல்லியாக வேண்டும். சுகார்த்தோ காலத்தில் ஒரு காசு காணாத தயாக் பழங்குடிக் கிராமங்கள், முதன்முறையாகக் கம்பெனிக்காரனை உட்காரவைத்துக் கன மீட்டருக்கு இவ்வளவு என்று பேரம் பேசின. படகு என்ஜின் வந்தது, வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது, பிள்ளைகள் படிக்கப் போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காடழிப்பு. ஊருக்குள் இருந்தவருக்கு வாழ்நாளில் முதல் தடவை பங்கு கிடைத்த காலம். ஆனால் பேசிய தொகை முழுதாக வரவில்லை, வந்ததும் ஊர்த் தலைவரைத் தாண்டவில்லை என்ற சண்டைகளும் நிறைய. அடுத்தடுத்த ஊர்கள் எல்லைக்காக மோதிக்கொண்டன. காட்டுக்கு விலை வந்த பிறகுதான் எல்லையும் முக்கியமானது.

எல்லா ஊரும் ஒரே முடிவை எடுக்கவுமில்லை. மலினாவ் மாவட்டத்தில் செத்துலாங் என்று ஒரு தயாக் ஊர். தங்கள் நிலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை 'தானே ஓலென்' என்று, யாரும் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாத இடமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மர நிறுவனங்கள் பணத்தோடு வந்து கேட்டன, ஊர் மறுத்துவிட்டது. குடிநீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது, வீடு கட்ட மரமும் அங்கேதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2003-ல் இந்தோனேசிய அரசின் சுற்றுச்சூழல் விருதான கல்பத்தாரு செத்துலாங்குக்குக் கிடைத்தது. ஒரே மாவட்டம், ஒரே சட்டம், ஒரே புப்பாத்தி. ஆனால் பக்கத்து ஊர்களில் மரம் போனது, இங்கே நின்றது. முடிவெடுக்கும் உரிமை உண்மையிலேயே ஊர்க்கூட்டத்தில் இருந்ததும், ஊர் அதில் ஒற்றுமையாக இருந்ததும்தான் வித்தியாசம்.

மாவட்டங்கள் பெருகினால் காடு ஏன் குறைய வேண்டும்?

1998-ல் சுமார் 300 மாவட்டங்களும் நகரங்களும் இருந்தன. பத்தே ஆண்டில் 500-ஐ நெருங்கிவிட்டது. புது மாவட்டம் என்றால் புது அலுவலகம், புது வேலைகள், மத்திய நிதியில் தனிப் பங்கு. ஆகவே எல்லோருக்கும் ஆசை. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட ஒரு புதுப் புப்பாத்தி.

2001 முதல் 2008 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து 2012-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. ஒரு மாகாணத்தில் ஒரு மாவட்டம் கூடினால் காடழிப்பு சுமார் 8 சதவீதம் கூடுகிறது. உள்ளூர் மர விலையும் இறங்குகிறது. விலை இறங்குவதுதான் இதில் துப்பு. கண்காணிப்புத் தளர்ந்தது மட்டும் காரணமல்ல, விற்பவர்கள் கூடிவிட்டார்கள் என்று அது காட்டுகிறது. ஒரே தெருவில் பத்து இட்லிக் கடை வந்தால் விலை இறங்கி விற்பனை ஏறுவது போல, ஒரே மாகாணத்துக்குள் அனுமதி விற்கும் மேசைகள் பெருகின. நான் கொடுக்காவிட்டால் பக்கத்து மாவட்டம் கொடுக்கும், மரம் எப்படியும் போகும், காசாவது நமக்கு வரட்டும் என்ற எண்ணம்.

அதே ஆய்வு இன்னொன்றும் கண்டது. எண்ணெய், எரிவாயு வருமானம் நிறையக் கிடைத்த மாவட்டங்களில் முதலில் மரவெட்டு குறைந்தது. ஆனால் ஆட்சியாளர் மாறியதும் அந்தப் பலன் கரைந்துபோனது.

தேர்தலுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

2005 முதல் புப்பாத்தியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன் மாவட்ட மன்றம் தேர்ந்தெடுத்தது. நேரடித் தேர்தல் என்றால் மேடை, பேனர், வண்டி, ஓட்டுக்குப் பணம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளத்தில் அந்தச் செலவைச் செய்ய முடியாது. கையில் இருக்கும் ஒரே மூலதனம், கையெழுத்துப் போடும் பேனா. சட்டப்படி வெட்டவே கூடாத காடுகளில் தேர்தலுக்கு முந்தைய காலத்தில் அழிப்பு கணிசமாகக் கூடியது செயற்கைக்கோள் படங்களில் பதிவாகியிருக்கிறது.

மத்திய சுலாவெசியின் புவோல் மாவட்டப் புப்பாத்தி அம்ரான் பத்தாலிப்பு 2012-ல் கைதானார். எண்ணெய்ப் பனைத் தோட்ட அனுமதிக்காக ஒரு தொழிலதிபர் தரப்பிடம் 300 கோடி ருப்பியா வாங்கியதாக வழக்கு. பணம் கை மாறியது அவர் மீண்டும் போட்டியிட்ட தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு. ஏழரை ஆண்டுச் சிறை. பணம் கொடுத்த தரப்பும் தப்பவில்லை.

வேறு யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

ஊழல் ஒழிப்பு ஆணையம் சும்மா இருக்கவில்லை. ரியாவின் பெலலாவான் மாவட்டப் புப்பாத்தி அஸ்முன் ஜாஃபாருக்கு, இயற்கைக் காட்டை அழித்துக் காகிதக்கூழ் மரம் வளர்க்க நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்த வழக்கில் 2008-ல் 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கிழக்குக் கலிமந்தான் ஆளுநர் சுவர்ணா அப்துல் ஃபத்தா 2007-ல் தண்டிக்கப்பட்டார். எண்ணெய்ப் பனை நடப்போகிறோம் என்று காட்டை வாங்கி, மரத்தை வெட்டி விற்றுவிட்டு, பனையை நடாமலே போன திட்டம் அது. ஆள் சிறைக்குப் போனாலும் அவர் கொடுத்த உரிமம் அதே வேகத்தில் ரத்தாவதில்லை என்பதுதான் இந்த வழக்குகளில் உறுத்தும் விஷயம்.

பாமாயில் இதில் எங்கே வருகிறது?

நம் சமையலறை வழியாகவும் வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலின் மூலம் பெரும்பாலும் இந்தோனேசியா அல்லது மலேசியா.

மரம் தீர்ந்த இடத்தில் எண்ணெய்ப் பனை வந்தது. தோட்டம் போட முதலில் இட அனுமதி, அடுத்து தோட்ட உரிமம். இரண்டும் புப்பாத்தி கையில். இடம் வன மண்டலத்துக்குள் இருந்தால் அதை விடுவிக்கும் அதிகாரம் மட்டும் ஜகார்த்தாவில். இங்கேதான் வரைபடக் குழப்பம் புகுந்தது. மத்தியக் கலிமந்தானில் மாகாணம் வைத்திருந்த நிலத் திட்ட வரைபடமும் அமைச்சகத்தின் வன வரைபடமும் ஒத்துப்போகவில்லை. மாகாண வரைபடத்தில் தோட்ட நிலமாக இருந்த இடம், அமைச்சக வரைபடத்தில் காடு. புப்பாத்திகள் தங்களுக்கு வசதியான வரைபடத்தை விரித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க வன மண்டலத்துக்குள் சுமார் 33 லட்சம் ஹெக்டேர் பனைத் தோட்டம் இருப்பதாக அரசே பிறகு கணக்குச் சொன்னது. 2020-ன் வேலைவாய்ப்புச் சட்டம் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ள வழி விட்டது. 2025 தொடக்கத்தில் ராணுவத்தினரும் அடங்கிய பணிக்குழு அத்தகைய தோட்டங்களைக் கையகப்படுத்தத் தொடங்கியது.

பேசாமல் மத்திய அரசிடமே விட்டிருக்கலாமே?

1990-களில் எல்லாம் மத்திய அரசிடம்தானே இருந்தது? 1995-ல் அதிபர் உத்தரவு ஒன்றின் பேரில் மத்தியக் கலிமந்தானின் கரிச்சதுப்புக் காட்டில் (மக்கிய செடிகொடிகள் தடிமனாகப் படிந்து நீரில் ஊறிக் கிடக்கும் நிலம்) 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கக் கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். சதுப்பு நீர் வடிந்தது, நெல் விளையவில்லை, காய்ந்த கரிமண் 1997-ல் பற்றிக்கொண்டது. எந்தப் புப்பாத்தியும் தனியாக அவ்வளவு பெரிய தவற்றைச் செய்திருக்க முடியாது.

மாவட்டம் துண்டு துண்டாக அழிக்கும், தலைநகர் ஒரே கையெழுத்தில் அழிக்கும். பாப்புவாவின் மெராவுக்கேயில் நெல்லுக்கும் கரும்புக்குமாக 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் திட்டமிட்டிருப்பதும் மத்திய அரசுதான்.

2014-ல் அதிகாரத்தை மாகாணத்துக்கு மாற்றினார்களே, பலன் இருந்ததா?

அந்த ஆண்டு வந்த உள்ளாட்சிச் சட்டம் வனப் பொறுப்பை மாவட்டத்திடமிருந்து பிடுங்கி மாகாணத்திடம் கொடுத்தது. மாவட்ட வன அலுவலகங்கள் மூடப்பட்டன. 2016-ல் ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டேராக இருந்த முதன்மைக் காட்டின், அதாவது முன்பு வெட்டப்படாத இயற்கைக் காட்டின், இழப்பு 2021-ல் 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இறங்கியது உண்மை. ஆனால் அதை இந்தச் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. 2015-ல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து அண்டை நாடுகள் வரை புகை மூடிய பிறகு வந்த சதுப்பு நிலக் கட்டுப்பாடுகள், 2011-ல் தொடங்கி 2019-ல் நிரந்தரமான புது உரிமத் தடை, பாமாயில் விலைச் சரிவு, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் நெருக்கடி எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. இன்னொரு பக்கம், தீப்பிடித்தால் முதலில் ஓடிவர வேண்டிய மாவட்டத்திடம் இப்போது வன ஊழியரே இல்லை.

நல்ல புப்பாத்தியே கிடையாதா?

உண்டு. பாப்புவாவின் மேற்குக் கோடியில் உள்ள சோரோங் மாவட்டப் புப்பாத்தி 2021-ல் நான்கு பாமாயில் நிறுவனங்களின் உரிமங்களை ரத்து செய்தார். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜெயபுரா நிர்வாக நீதிமன்றம் அந்த ஆண்டு இறுதியில் புப்பாத்தியின் பக்கம் நின்றது. கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்ததால்தான் அதை அழிக்கவும் முடிந்தது. மலினாவ் 2005-லேயே தன்னைப் 'பாதுகாப்பு மாவட்டம்' என்று அறிவித்துக்கொண்டது. பெயர்ப்பலகைக்கு மேல் அதில் எவ்வளவு இருந்தது என்பது விவாதத்துக்குரியது.

பழங்குடி மக்களின் வழக்காற்றுக் காடுகள் திரும்பக் கிடைத்தனவா?

2013 மே மாதம் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், வழக்காற்றுக் காடு, அதாவது ஒரு சமூகம் தன் பரம்பரை வழக்கப்படி ஆண்டுவரும் காடு, அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு. ஆனால் ஒரு சமூகத்தை 'வழக்காற்றுச் சமூகம்' என்று அங்கீகரிப்பது பெரும்பாலும் மாவட்ட மன்றமும் புப்பாத்தியும் சேர்ந்து இயற்ற வேண்டிய உள்ளூர்ச் சட்டம் வழியாகத்தான். அது வராமல் காடு கைக்கு வராது. தெற்கு சுலாவெசியின் கஜாங் மக்கள், கறுப்பு உடை மட்டுமே உடுத்துபவர்கள், 2015-ல் அந்தச் சட்டத்தைப் பெற்றார்கள். 2016 டிசம்பரில் முதன்முதலாகக் காடு பெற்ற ஒன்பது சமூகங்களில் அவர்களும் ஒருவர். கிடைத்தது 300 ஹெக்டேரைச் சற்றே தாண்டும்.

பரவலாக்கம் என்ற பேச்சுக்கெல்லாம் என் ஆட்சேபம் இங்கேதான். ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய அதிகாரம் மாவட்ட அலுவலகத்தில் இறங்கிக்கொண்டது. ஊருக்குப் போகும் கடைசி வண்டி ஓடவே இல்லை, அல்லது பதினைந்து ஆண்டு தாமதமாகக் கிளம்பியது.

பிரேசிலில் எப்படி?

அங்கே அமேசான் அழிப்பு 2004-ல் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 2012-ல் 4,600-க்கும் கீழே வந்தது. செய்தது முக்கியமாக மத்திய அரசு: செயற்கைக்கோள் எச்சரிக்கை, அபராதம், கடன் நிறுத்தம். ஆனால் 2008-ல் அதிகம் அழிக்கும் நகராட்சிகளின் கரும்பட்டியலை வெளியிட்டது நல்ல உத்தி. பட்டியலில் ஏறினால் ஊருக்கே வங்கிக் கடன் இறுகும். பராகோமினாஸ் நகராட்சி, மரவியாபாரிகளையும் மாட்டுப் பண்ணைக்காரர்களையும் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டு, 2010-ல் பட்டியலிலிருந்து முதலில் வெளியே வந்தது. சாட்டை மேலே, வேலை கீழே.

இந்தியாவில் ஆட்சியர் இப்படிக் காட்டை எழுதிக்கொடுக்க முடியுமா?

முடியாது. 1976-ல் 42-வது திருத்தம் காட்டைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஊருக்கு உரிமை தரும் 2006-ன் வன உரிமைச் சட்டம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2013-ல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் ஒன்றுபோல பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாட்டால் வன உரிமைச் சட்டப்படி பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் விலக்கிய பிறகே நகர்ந்தது.

வெட்டாத மரத்துக்குப் பணம் தரும் முறை எங்காவது உண்டா?

உண்டு, சின்ன அளவில். இந்தோனேசியாவின் வடக்குக் கலிமந்தான் மாகாணம், காட்டை நன்றாக வைத்திருக்கும் மாவட்டங்களுக்குத் தன் நிதியிலிருந்து கூடுதல் பங்கு தரும் முறையை 2019-ல் கொண்டுவந்தது. மலினாவ் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2023 முதல் பாமாயில் ஏற்றுமதி வருமானத்திலிருந்தும் மாவட்டங்களுக்குப் பங்கு வருகிறது. அது போவது பெரும்பாலும் சாலை போட.

பெரிய அளவில் செய்வது இந்தியா. 14-வது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15-வது நிதிக்குழு அதை 10 ஆக்கியது. இந்தப் பணத்தைக் காட்டுக்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அதில் எதுவும் நேராகக் கிராம சபைக்கு வருவதும் இல்லை.